வெல்டிங் பழக வருபவர்களுக்கு: கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிமுறைகள்

வெல்டிங் பழக வருபவர் முதல் சில வாரங்கள் கவலைப்படுவதெல்லாம் ராடு (உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் குச்சி) ஒட்டிக்கொள்வதைப் பற்றியும் கோடு நேராக வராததைப் பற்றியும்தான். கண்ணைப் பற்றிய யோசனை, ‘அதுதான் ஷீல்டு இருக்கிறதே’ என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் பட்டறையில் கண் அடிபடும் நேரங்களைக் கவனித்துப் பாருங்கள். ஹெல்மெட்டை இறக்கிவிட்டு ஒழுங்காக வெல்டிங் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடிபடுவது குறைவு. ஆர்க் (ராடு நுனிக்கும் உலோகத்துக்கும் நடுவில் எரியும் மின்சுடர்) பிடிக்கும் முதல் நொடி, அவசரமாக டேக் (துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் சின்ன வெல்டிங்) வைப்பது, ஸ்லாக் (வெல்டிங் கோட்டின் மேல் படியும் கசடு) தட்டுவது, கிரைண்டர் ஓட்டுவது, பக்கத்தில் இன்னொருவர் வெல்டிங் அடிப்பது என்று நடுவில் வரும் இடைவெளிகளில்தான் அதிகம் அடிபடுகிறது. அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், கண்ணுக்கு என்ன ஆகிறது?

ஆபத்து இரண்டு வகை: ஒன்று வெளிச்சம், இன்னொன்று துகள். இரண்டுக்கும் தடுப்பு வேறு வேறு என்பதை ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும். ஹெல்மெட்டைத் தூக்கிய பிறகு பறந்து வரும் ஸ்லாக்கை அது தடுக்காது.

ஆர்க் வெளிச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், கண்ணுக்குத் தெரியும் கடும் வெளிச்சம், வெப்பமாகப் படும் அகச்சிவப்புக் கதிர். புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழியே உறிஞ்சிக்கொள்கிறது. அதன் மேல்தோல் செல்கள் கெட்டு, சில மணி நேரம் கழித்து உதிர ஆரம்பிக்கும். கருவிழியில் வலி நரம்புகள் மிக அடர்த்தியாக இருப்பதால், செல்கள் உதிர்ந்து நரம்பு முனைகள் வெளிப்படும்போது வலி தாங்க முடியாது. வெல்டர்கள் ‘கண் அடித்துவிட்டது’ என்று சொல்வது இதைத்தான்.

இதில் புதியவர்களை ஏமாற்றுவது அந்தத் தாமதம்தான். பகலில் நான்கைந்து முறை வெறும் கண்ணோடு டேக் வைத்தவருக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து, பெரும்பாலும் தூங்கப்போன பிறகு, கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல் ஆரம்பிக்கும். கண் சிவந்து, நீர் கொட்டி, விளக்கைப் பார்க்கவே முடியாது. ‘அந்த நேரத்தில் ஒன்றும் ஆகவில்லையே’ என்பதை வைத்துப் பாதுகாப்பை அளக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், குறிப்பாக அதன் நீலப் பகுதி, கருவிழியைத் தாண்டி உள்ளே விழித்திரை வரை போகிறது. வெறும் கண்ணால் ஆர்க்கையே உற்றுப் பார்த்தால், பார்வையின் நடுப்பகுதி பாதிக்கப்படலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் வலி இல்லாமலேயே சேதம் நடக்கும், சில நேரம் அது திரும்பச் சரியாகாது. வருடக்கணக்கில் கண்ணில் படும் வெப்பக் கதிரும் புற ஊதாக் கதிரும் கண்ணின் லென்ஸை மங்கச் செய்து, கண்புரைக்கு வழி வகுக்கும். வெள்ளை விழியின் மேல் சதை வளர்வதற்கும் நீண்ட காலப் புற ஊதாக் கதிருக்கும் தொடர்பு உண்டு.

துகள் என்பது ஸ்லாக், தெறிக்கும் பொறி, கிரைண்டர் தூசி, கம்பி பிரஷ்ஷிலிருந்து கழன்று வரும் கம்பி எல்லாமே. இவை அந்த நொடியிலேயே காயம் செய்பவை.

படி 1: உள்ளே நுழையும்போதே பாதுகாப்புக் கண்ணாடி

பட்டறைக்குள் கால் வைக்கும்போது போடுங்கள், வெளியே வந்த பிறகுதான் கழற்றுங்கள். வெல்டிங் ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் இது முகத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கடைப்பிடிப்பேன் என்று யாராவது சொன்னால், நான் கேட்பது இதைத்தான். ஹெல்மெட் தூக்கியிருக்கும் ஒவ்வொரு நொடியும் கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை உறுதிசெய்வது இது மட்டும்தான்.

பாலிகார்பனேட் லென்ஸ் உள்ள, பக்கவாட்டு மறைப்பும் உள்ள கண்ணாடியாக இருக்கட்டும். பாலிகார்பனேட் நிறமற்று இருந்தாலும் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் பக்கத்து ஆர்க்கின் வெளிச்சம் தவறுதலாகப் பட்டாலும் கருவிழிக்கு ஓரளவு காப்பு கிடைக்கும். அதற்காக அதைப் போட்டுக்கொண்டு ஆர்க்கைப் பார்க்கக் கூடாது. கடும் வெளிச்சமும் வெப்பக் கதிரும் அதன் வழியே தாராளமாகப் போகும்.

வாங்கும்போது லென்ஸிலோ காதுக் கம்பியிலோ பொறித்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்கத் தரமான ஆன்சி இசட் 87.1 என்றால் ‘இசட் 87’ என்று இருக்கும். அதோடு கூட்டல் குறியும் இருந்தால் வேகமாக வந்து மோதுவதையும் தாங்கும் என்று பொருள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 166இல் மோதலைத் தாங்கும் அளவை எழுத்தால் குறிப்பார்கள். 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்துத் தாங்கினால் எஃப், 120 மீட்டர் என்றால் பி, 190 மீட்டர் என்றால் ஏ. சாதாரண அமைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி எஃப் வரைதான் வரும். காற்றுப் புகாமல் முகத்தோடு ஒட்டும் காகிள்ஸ் பி வரை, முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு ஏ வரை. இந்த எண்களைக் கிரைண்டர் பக்கம் வரும்போது திரும்பப் பார்ப்போம்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிக்கப் போடும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கம் திறந்திருக்கும், லென்ஸ் மோதலுக்குச் சோதிக்கப்பட்டிருக்காது. அதன் மேலேயே போடக்கூடிய பெரிய பாதுகாப்புக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. உங்கள் பவரிலேயே பாதுகாப்புக் கண்ணாடி செய்து வாங்கிக்கொள்ளவும் முடியும். கிட்டப் பார்வை மங்கும் வயது வந்தவர்களுக்கு, ஹெல்மெட்டுக்குள் செருகும் உருப்பெருக்கி லென்ஸும் உண்டு. இது வெறும் வசதிக்காக மட்டும் இல்லை. சரியாகத் தெரியாதவர் முகத்தை வேலைக்கு மிக அருகில் கொண்டுபோவார், அப்போது புகையும் பொறியும் நேராக முகத்துக்கு வரும்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டிங் செய்தால் அது கண்ணோடு உருகி ஒட்டிவிடும் என்று ஒரு கதை நெடுநாளாக உலாவுகிறது. அது உண்மை இல்லை. லென்ஸ் போட்டிருப்பவர்களும் மற்றவர்கள் போலவே கண்ணாடியும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம். தூசி அதிகமாகி லென்ஸுக்கு அடியில் ஏதாவது புகுந்தால் மட்டும் உடனே கை கழுவிவிட்டு எடுத்துவிட வேண்டும்.

படி 2: ஹெல்மெட்டும் ஷேடு எண்ணும்

கறுப்புக் கண்ணாடியின் கருமையை ஷேடு எண்ணால் சொல்கிறோம். எண் ஒன்று கூடினால், உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கும் மேல் குறையும். ஷேடு 5 சுமார் 50இல் ஒரு பங்கு வெளிச்சத்தை விடும். ஷேடு 10 சுமார் 7,000இல் ஒரு பங்கைத்தான் விடும். 5க்கும் 10க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இப்போது புரியும். நூறில் பதினைந்து பங்கு வெளிச்சம் விடும் சாதாரணக் கூலிங் கிளாஸ், ஷேடு 3ஐக்கூட எட்டாது. இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் 5க்கு வராது. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, இரண்டு மூன்று கூலிங் கிளாஸ் என்று எதை வைத்தும் ஆர்க்கைப் பார்க்க வேண்டாம். இருட்டாகத் தெரிவதால் கண்மணி விரியும், தடுக்கப்படாத கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

எந்த வேலைக்கு எந்த ஷேடு? பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டுதலின்படி:

சாதாரண ராடு வெல்டிங்கில் 60 ஆம்பியருக்குக் கீழ் குறைந்தது ஷேடு 7. 60 முதல் 160 ஆம்பியர் வரை குறைந்தது 8, வசதியாகப் பார்க்க 10. 160 முதல் 250 வரை குறைந்தது 10, வசதிக்கு 12. அதற்கு மேல் 550 வரை குறைந்தது 11, வசதிக்கு 14.

மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வகை) 60 முதல் 160 ஆம்பியர் வரை குறைந்தது 10, வசதிக்கு 11. 160 முதல் 250 வரை குறைந்தது 10, வசதிக்கு 12.

டிக் வெல்டிங்கில் (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடிக்கும் வகை) 50 ஆம்பியருக்குக் கீழ் குறைந்தது 8, வசதிக்கு 10. 50 முதல் 150 வரை குறைந்தது 8, வசதிக்கு 12.

பழகும்போது பெரும்பாலும் 80 முதல் 130 ஆம்பியருக்குள்தான் ராடு ஓடும். அதற்கு 10 அல்லது 11 போதும். தேர்ந்தெடுக்கும் முறை இதுதான்: முதலில் மிகவும் கறுப்பான ஷேடில் ஆரம்பியுங்கள். ஆர்க்குக்கு அடியில் உருகி நிற்கும் உலோகக் குட்டை சரியாகத் தெரியவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குட்டையின் விளிம்பு தெளிவாகத் தெரியும் இடத்தில் நின்றுவிடுங்கள். குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. வெல்டிங்கை நிறுத்தியதும் கண்ணுக்கு முன்னால் வெளிச்சப் புள்ளி சிறிது நேரம் மிதந்தால் ஷேடு போதவில்லை என்று பொருள், ஒன்றைக் கூட்டுங்கள். மறுபக்கம், ஒன்றும் தெரியாத அளவுக்குக் கறுப்பு போடுவதும் நல்லதில்லை. குட்டை கண்ணுக்குத் தெரியாதவர் ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்.

அடுத்து, எந்த வகை ஹெல்மெட்? மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. கையில் பிடிக்கும் ஷீல்டு, தலையில் மாட்டும் சாதாரண ஹெல்மெட், தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்.

கை ஷீல்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு கை அதற்கே போய்விடுவதால், வேலைப் பொருளைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஷீல்டுதான் முதலில் கீழே போகிறது. புதியவர்களுக்கு ஆட்டோ டார்க்கை நான் மனதாரச் சொல்கிறேன். ஆர்க் பிடிக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே ராடைக் கொண்டுபோகலாம் என்பதால், ‘ஒரே ஒரு நொடி’ என்று வெறும் கண்ணோடு ஆர்க் பிடிக்கும் பழக்கம் வருவதற்கே இடமில்லை. சாதாரண நிலையில் ஷேடு 3 அல்லது 4ஆக இருக்கும் அது, ஆர்க் எரிந்ததும் நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கறுத்துவிடும்.

ஆட்டோ டார்க் பற்றி ஒரு பயம் பலருக்கு உண்டு: பேட்டரி போய்விட்டால் கண் போய்விடுமே என்று. தரச்சான்றுள்ள ஹெல்மெட்டில் புற ஊதா, அகச்சிவப்புத் தடுப்பு எப்போதும் இருக்கும், பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பேட்டரி தீர்ந்தால் கடும் வெளிச்சம் மட்டும் கண்ணில் படும், நீங்களே கூசிப்போய் நிறுத்திவிடுவீர்கள். தரச்சான்று இல்லாத மலிவுச் சரக்கில் இந்த உத்தரவாதம் கிடையாது, அதனால்தான் குறியீட்டைப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். ஐரோப்பியத் தரத்தில் 1/1/1/2 என்பது போல நான்கு எண்கள் பொறித்திருக்கும். ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை, 1 சிறந்தது. முதல் எண் காட்சியின் தெளிவு, இரண்டாவது ஒளிச் சிதறல், மூன்றாவது கண்ணாடி முழுக்கக் கருமை சீராக இருக்கிறதா என்பது, நான்காவது சாய்ந்து பார்க்கும்போது கருமை மாறுகிறதா என்பது. கடைசி எண் மோசமாக இருந்தால், குழாய்க்கு அடியில் தலையைச் சாய்த்து வேலை செய்யும்போது உறுத்தும்.

படி 3: ஆர்க் பிடிப்பதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை

ஹெல்மெட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்பக்கத்திலிருந்து பாருங்கள். எங்காவது ஓட்டை, விரிசல், கண்ணாடி உட்காரும் சட்டத்தில் இடைவெளி தெரிந்தால் அந்த ஹெல்மெட்டை அன்றைக்குத் தொடாதீர்கள். கறுப்புக் கண்ணாடியில் நூல் அளவு கீறல் விட்டிருந்தாலும் மாற்ற வேண்டும். டேப் ஒட்டி ஓட்டுவதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். டேப் வெளிச்சத்தை மறைக்கலாம், ஆனால் சூடான பொறி பட்டால் அந்த இடத்தில் கண்ணாடி கழன்று விழும்.

கறுப்புக் கண்ணாடிக்கு முன்னாலும் பின்னாலும் நிறமற்ற மூடு தகடு இருக்க வேண்டும். முன்னால் இருப்பது பொறியை வாங்கிக்கொள்ள, பின்னால் இருப்பது கறுப்புக் கண்ணாடி உடைந்தால் சில்லு கண்ணுக்கு வராமல் இருக்க. முன் தகடு பொறி பட்டுப் பட்டு மங்கிவிடும். தேய்ந்த தகட்டின் வழியே குட்டை தெரியாது, தெரியாதவர் என்ன செய்வார் என்பதை மேலேயே சொன்னேன். அது வாங்குவதற்குச் சின்னப் பொருள்தான், நான்கைந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

ஆட்டோ டார்க் என்றால், முன்பக்கம் இருக்கும் சென்சார் கண்களைத் துடையுங்கள். சோதனைப் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் கழற்றி வெயிலை நோக்கித் திருப்பினால் பல ஹெல்மெட்டுகள் கறுக்கும். ‘கிரைண்ட்’ என்ற நிலையில் வைத்துவிட்டு மறந்து வெல்டிங் தொடங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த நிலையில் எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் அது கறுக்காது. கிரைண்டரைக் கீழே வைத்ததும் அந்தக் குமிழைத் திருப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குறைந்த ஆம்பியரில் டிக் ஓட்டும்போது உணர்திறனைக் கூட்டி வைக்க வேண்டும். குழாய் மூலையில் சென்சார் மறைந்துவிட்டால் வெல்டிங் நடுவிலேயே கண்ணாடி வெளுத்துவிடும். நான்கு சென்சார் உள்ளது இரண்டு உள்ளதைவிட நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

படி 4: சுற்றுப்புறத்தைப் பாருங்கள்

உங்கள் ஆர்க்கைவிடப் பக்கத்து ஆளின் ஆர்க் ஆபத்தானது. உங்கள் ஆர்க் எப்போது எரியும் என்று உங்களுக்குத் தெரியும், அவருடையது தெரியாது. இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் நடுவில் வெல்டிங் திரை தொங்க வேண்டும். சாதாரணத் துணியும் பிளாஸ்டிக் ஷீட்டும் தீப்பிடிக்கும். வெல்டிங்குக்கென்றே செய்த, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திரைகள் இருக்கின்றன. திரை கிடைக்காத இடத்தில் தகரமோ பலகையோ நிறுத்தலாம். முடியாத இடத்தில் தூரத்தைப் பயன்படுத்துங்கள்: தூரம் இரண்டு மடங்கானால் படும் கதிர் நான்கில் ஒரு பங்காகும்.

வெளிச்சம் பின்னாலிருந்தும் வரும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பின்பக்கம் ஒருவர் ஆர்க் பிடித்தால், அந்த வெளிச்சம் உங்கள் ஹெல்மெட்டின் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும். பளபளப்பான சுவர், மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் தகடு, அலுமினியம் எல்லாம் கதிரைத் திருப்பி அனுப்பும். அலுமினியத்தில் மிக், டிக் ஓட்டும்போது புகை குறைவாக இருப்பதால் புற ஊதாக் கதிர் தடையின்றி வெளியே வரும். ராடு வெல்டிங் பழகிவிட்டு அலுமினியத்துக்கு வருபவர்களுக்கு முதல் நாளே கண் அடிப்பதை இதனால்தான் கேள்விப்படுகிறோம்.

அப்புறம், ஹெல்பர். வேலைப் பொருளைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையனுக்கும் உங்களைப் போலவே இரண்டு கண்கள். அவருக்கு ஒரு ஹெல்மெட் கொடுங்கள். இல்லையென்றால் கிளாம்ப்போ காந்த மூலைமட்டமோ வைத்துப் பொருளைப் பிடித்துவிட்டு அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ‘முகத்தைத் திருப்பிக்கோ’ என்பது பாதுகாப்பு இல்லை. ஆர்க் பிடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் ‘கண்ணைப் பார்த்துக்கோங்க!’ என்று சத்தமாகச் சொல்லுங்கள், ஒரு நொடி விட்டுப் பிடியுங்கள். வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் இருந்தால் வேலையை நிறுத்தி அவர்களை அனுப்பிவிட்டுத் தொடருங்கள். அவர்கள் ஆர்க்கின் வெளிச்சத்தைத்தான் ஆசையாகப் பார்க்கிறார்கள்.

படி 5: ஆர்க் பிடிப்பதும் டேக் வைப்பதும்

கண் அடிப்பதில் பெரும் பங்கு டேக் வைக்கும்போது நடக்கிறது என்பது என் அனுபவம். ஒரு சட்டம் செய்ய இருபது முப்பது டேக் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹெல்மெட்டை இறக்குவது சலிப்பாக இருக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு வைத்துவிடலாம் என்று தோன்றும். அதில் இரண்டு கோளாறு. கண் மூடும் நேரமும் ராடு தொடும் நேரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் கதிர் படும், ஒரே நாளில் படுவதெல்லாம் கூடிக்கொண்டே போகும். மூடியிருந்தாலும் முகத் தோலும் இமையும் வெறும் தோல்தானே, வெயிலில் கருகுவது போல அவையும் சிவந்து தோல் உரியும்.

சாதாரண ஹெல்மெட்டோடு ஆர்க் பிடிக்க இப்படிப் பழகுங்கள். ராடு நுனியைத் தொடாமல் இணைப்புக்கு மேலே ஒரு விரல்கடை தூரத்தில் நிறுத்துங்கள். ராடு பிடித்த கையின் முழங்கையை உடம்போடு ஒட்டியோ பெஞ்சில் ஊன்றியோ வையுங்கள், கை அசையாது. இப்போது தலையை லேசாக ஆட்டி ஹெல்மெட்டை விழ விடுங்கள், அது முழுக்க இறங்கிய பிறகு தொடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு, கரண்ட் இல்லாமலேயே இதைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். ஹெல்மெட் மூடிய பிறகும் நுனி அதே இடத்தில் இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். ஓரிரு நாளில் கை பழகிவிடும். இதைப் பழகியவருக்கு வெறும் கண்ணோடு டேக் வைக்கும் தேவையே வராது.

ஹெல்மெட் தலைப்பட்டையின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்திருந்தால் குனியும்போது தானே விழும், இறுகியிருந்தால் ஆட்டினாலும் இறங்காது. இரண்டுமே ஆளை ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கத் தூண்டும்.

படி 6: ஸ்லாக், கிரைண்டர், பிரஷ்

வெல்டிங் முடிந்தது, ஹெல்மெட்டைத் தூக்கியாயிற்று. கோடு எப்படி வந்திருக்கிறது என்று குனிந்து பார்க்க ஆசை. அந்த நேரத்தில் ஸ்லாக் குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கும், யாரும் தட்டாமலே வெடித்துத் தெறிக்கும். ஸ்டெயின்லெஸ் ராடில் இது இன்னும் அதிகம். சூடான சில்லு கண்ணில் பட்டால் வெட்டும், சுடும். படி 1இல் சொன்ன கண்ணாடி முகத்தில் இருக்கிறதா என்பது இங்கேதான் கணக்கில் வரும்.

சிப்பிங் ஹாமரால் தட்டும்போது முகத்துக்கு எதிர்த்திசையில் சில்லு பறக்கும்படி தட்டுங்கள், எதிரில் ஆள் நிற்கிறாரா என்றும் பாருங்கள்.

கிரைண்டருக்கு வருவோம். 100 மில்லிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால், அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 58 மீட்டர் வேகத்தில் போகிறது. தட்டு உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும். சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியின் எஃப் தரம் சோதிக்கப்படுவதோ 45 மீட்டரில், அதுவும் ஒரு கிராமுக்கும் குறைவான சின்னக் குண்டை வைத்து. ஆகவே கிரைண்டருக்குக் கண்ணாடியும் அதற்கு மேல் முக ஷீல்டும் இரண்டும் வேண்டும். முக ஷீல்டு மட்டும் போட்டால் தூசி கீழ்ப்பக்கமாகச் சுழன்று உள்ளே வரும். கம்பி பிரஷ்ஷுக்கும் இதே விதிதான், கழன்று பறக்கும் கம்பி ஊசி போலக் குத்தி நிற்கும். தட்டின் மேலுறையைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு வரும் காயம் ஒன்று உண்டு. கிரைண்டர் தூசி தலைமுடியிலும் புருவத்திலும் ஹெல்மெட்டின் மேல் விளிம்பிலும் தங்கியிருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையுறையாலேயே வியர்வையைத் துடைத்தால் அது நேராகக் கண்ணுக்குள் போகும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து தலையைத் தட்டிவிடுங்கள், கையைக் கழுவுங்கள், முகத்தைக் கழுவுங்கள், அப்புறம் துடையுங்கள். ஏர் பைப்பை உடம்பில் அடித்துத் தூசி தட்டவே கூடாது.

கேஸ், பிளாஸ்மா, லேசர்

கேஸ் கட்டிங்கில் 25 மில்லிமீட்டருக்குக் குறைவான தகட்டுக்கு ஷேடு 3 அல்லது 4, அதற்கு மேல் 150 வரை 4 அல்லது 5. கேஸ் வெல்டிங்கில் மெல்லிய தகட்டுக்கு 4 அல்லது 5, தடிமன் கூடக் கூட 6 முதல் 8 வரை. கேஸ் வேலைக்கான இந்தக் காகிள்ஸ் கண்ணாடியை ஆர்க் வெல்டிங்குக்குப் போடுவது பெரும் தவறு, நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று மேலே பார்த்தோம். பிளாஸ்மா கட்டிங்கும் ஆர்க்தான், ஆம்பியரைப் பொறுத்து ஷேடு 8, 9 என்று வேண்டும்.

கையால் பிடித்து ஓட்டும் லேசர் வெல்டிங் மெஷின் இப்போது பரவிவருகிறது. அதற்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த ஹெல்மெட்டும் போதாது. அதன் கதிர் ஏறக்குறைய 1,070 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும், கண்ணுக்கே தெரியாது, ஆனால் நேராக விழித்திரையில் குவியும். உலோகத்தில் பட்டுத் தெறித்த கதிர்கூடக் கண்ணைக் கெடுக்கப் போதும். அந்த அலைநீளத்துக்கென்று சான்றளித்த லேசர் கண்ணாடி, சுற்றிலும் மறைப்பு, முறையான பயிற்சி மூன்றும் இல்லாத இடத்தில் அந்த மெஷினைத் தொட வேண்டாம். பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

அடிபட்டுவிட்டால்

ராத்திரி கண் உறுத்த ஆரம்பித்தால் முதலில் இதைக் கவனியுங்கள்: இரண்டு கண்ணுமா, ஒரு கண்ணா? ஆர்க் வெளிச்சம் பொதுவாக இரண்டு கண்ணையும் பாதிக்கும். ஒரு கண்ணில் மட்டும் உறுத்தினால் துகள் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

வெளிச்சம் அடித்த கண் பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் தானே ஆறும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். இருட்டறையில் கண்ணை மூடிப் படுங்கள், சுத்தமான ஈரத் துணியைக் குளிர்ச்சியாக மூடிய இமைமேல் வையுங்கள். கண்ணைத் தேய்க்கக் கூடாது. கண்ணீர் போன்ற மசகுச் சொட்டு மருந்தும் வழக்கமான வலி மாத்திரையும் உதவும். வண்டி ஓட்ட வேண்டாம். டாக்டரிடம் காட்டுவது நல்லது, தொற்று வராமல் இருக்க மருந்து தேவையா என்று அவர் பார்ப்பார். ஒரு நாளில் வலி குறையவில்லை, பார்வை மங்கியிருக்கிறது, பார்க்கும் இடத்தின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரிகிறது என்றால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். முழுக்க ஆறும்வரை மெஷின் பக்கம் போகாதீர்கள்.

தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை அரிந்து வைப்பது என்று பட்டறைகளில் வைத்தியம் சொல்வார்கள். மேல்தோல் உதிர்ந்த கருவிழியில் இவற்றால் கிருமி சேரும். அதைவிட ஆபத்தானது மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து. டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு சொட்டு விடுவார், வலி மாயமாக மறையும். அதை வாங்கி வந்து வீட்டில் விட்டுக்கொண்டே இருந்தால் கருவிழி ஆறாது, புண்ணாகிப் பார்வையே போகலாம். ஸ்டீராய்டு சொட்டையும் யார் சொன்னாலும் நீங்களாக விடாதீர்கள்.

தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரைக் கண்ணில் ஓடவிட்டுக் கழுவுங்கள். போகவில்லை என்றால் அது பதிந்திருக்கிறது. கைக்குட்டை நுனி, தீக்குச்சி, ஊசி, காந்தம் எதை வைத்தும் எடுக்க யாரையும் விடாதீர்கள், கைதேர்ந்த ஆள் என்று பெயர் வாங்கியவராக இருந்தாலும். இரும்புத் துகள் கருவிழியில் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்க ஆரம்பித்து வளையமாகக் கறை விடும், அதையும் சேர்த்து எடுக்க மருத்துவரால்தான் முடியும்.

வேகமாக வந்த துகள் கண்ணைத் துளைத்துவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் நடைமுறை முற்றிலும் வேறு. கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிட, குடிக்க வேண்டாம். ‘சுத்தியலால் அடிக்கும்போது ஏதோ பட்டது, இப்போது வலி இல்லை’ என்றாலும் போக வேண்டும். சின்னத் துகள் உள்ளே போன காயம் சில நேரம் வலிக்காது.

ஸ்டெயின்லெஸ் சுத்தம் செய்யும் பிக்ளிங் பேஸ்ட் கண்ணில் பட்டால், ஒரு நொடியும் தாமதிக்காமல் தண்ணீரில் கழுவத் தொடங்குங்கள், குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அதில் ஹைட்ரோபுளூரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் இருக்கும். பேஸ்ட் டப்பாவின் பெயரைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், என்ன வேலை என்பதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். இன்னொன்று: எப்போதாவது எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போனால், வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவர் என்பதையும், கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததுண்டா என்பதையும் உள்ளே போகும் முன்பே சொல்லுங்கள். அந்த மெஷினின் காந்தம் கண்ணுக்குள் தங்கியிருக்கும் துகளை நகர்த்திவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.